கேலிபரேஷன் தேதி முடியாத வரைக்கும் கருவி சரிதானே?

ஜூன் 3, காலை 9.40 (கேள்வி)

எங்க பிரிவுல மைக்ரோமீட்டர், வெர்னியர் (ரெண்டும் நீளம் அளக்க), பிரஷர் கேஜ், டார்க் ரெஞ்ச், ஒரு மின்னணுத் தராசு, ஒரு பி.எச். மீட்டர் இருக்கு. எல்லாத்தையும் வருஷத்துக்கு ஒரு தடவை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புறோம். ஸ்டிக்கர் ஒட்டி வருது. ஸ்டிக்கர்ல தேதி இருக்கிற வரைக்கும் கருவி சரியாத்தான் காட்டும், நடுவுல தொட வேண்டியதில்லைங்கிறது என் கருத்து. நடுவுல சோதிக்கிறது வீண் வேலைன்னு சொல்றேன். மாற்றுக் கருத்து இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

ஜூன் 3, பகல் 1.15

ஸ்டிக்கர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் தேதியில் இந்தக் கருவியை ஒரு படித்தரத்தோடு (சரியான அளவு தெரிந்த ஒன்றோடு) ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மறுநாள் அது கீழே விழுந்தால் ஸ்டிக்கருக்குத் தெரியாது.

கேலிபரேஷன் என்றால் சரிசெய்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒப்பிட்டுப் பிழையை எழுதி வைக்கும் வேலை. 10.000 மி.மீ. ஸ்லிப் கேஜை (நீளம் துல்லியமாகத் தெரிந்த எஃகுக் கட்டையை) வைத்தபோது மைக்ரோமீட்டர் 10.003 காட்டினால், 'அந்த இடத்தில் பிழை +3 மைக்ரான்' என்று எழுதுவதோடு கேலிபரேஷன் முடிந்தது. திருகைத் திருப்பி 10.000 காட்ட வைப்பது சரிப்படுத்தல், அது தனி வேலை. எவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று முடிவெடுப்பது மூன்றாவது வேலை. அந்த முடிவு உங்களுடையது, ஆய்வகத்துடையது இல்லை.

அதனால் முதலில் சான்றிதழை எடுத்து உள்ளே இருக்கும் எண்களைப் படியுங்கள். கோப்பில் போட்டுவிட்டு ஸ்டிக்கரை மட்டும் பார்ப்பதாக இருந்தால் கொடுத்த கட்டணத்தில் பாதி வீண்.

ஜூன் 3, இரவு 8.50

தேதியைப் பார்க்காமல் உடனே சோதிக்க வேண்டிய நேரங்கள்: கருவி கீழே விழுந்தால். வரம்புக்கு மேல் சுமையோ அழுத்தமோ பட்டால். பிரித்துப் பழுது பார்த்தால். இடம் மாற்றினால் (தராசுக்கு இது கட்டாயம்). இரவல் போய்த் திரும்பி வந்தால். ஒரே பொருளை இரண்டு கருவிகள் வேறு வேறாகக் காட்டினால். காரணமே இல்லாமல் நிராகரிப்பு ஏறினாலும், காரணமே இல்லாமல் எல்லாம் பாஸ் ஆனாலும். கடைசியாகச் சொன்னதை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் நல்ல சேதியும் பிழையான கருவியிலிருந்து வரலாம்.

ஜூன் 4, காலை 7.30

நேற்று மதியம் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். கேலிபரேஷனும் சரிப்படுத்தலும் வேறு வேறு என்றேன். கொள்கையளவில் சரி. நடைமுறையில் பல ஆய்வகங்கள் கருவியைத் துடைத்து, சைபர் வைத்து, சரிப்படுத்திவிட்டுத்தான் எண்களை எழுதுகின்றன. அந்தச் சான்றிதழில் இருப்பவை சரிப்படுத்திய பிறகு வந்த எண்கள். கருவி உங்கள் கையிலிருந்து எந்த நிலையில் போனது என்பது அதில் இருக்காது. போன வருஷம் முழுக்க நீங்கள் அளந்தவை நம்பத்தக்கவையா என்று சொல்ல வேண்டியது அந்த முதல் எண்கள்தான்.

ஆகவே அனுப்பும்போதே எழுத்தில் கேளுங்கள்: வந்த நிலையில் ஒரு முறை, சரிப்படுத்தியிருந்தால் அதன் பிறகு ஒரு முறை, இரண்டு தொகுதி எண்களும் வேண்டும் என்று. கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது.

ஜூன் 4, காலை 11.05 (கேள்வி)

மைக்ரோமீட்டருக்குத் தினமும் காலையில சைபர் பார்க்கிறோம். அது சரியா நின்னா மத்த இடமும் சரிதானே?

ஜூன் 4, மாலை 6.20

இல்லை. சைபர் ஒரு புள்ளிதான். அளக்கும் முகங்கள் தேய்ந்தால் சைபர் காட்டிக் கொடுத்துவிடும். திருகின் மரை ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் காட்டாது.

0–25 மி.மீ. மைக்ரோமீட்டருக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்லிப் கேஜ் வரிசை இது: 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0. எண்கள் விநோதமாகத் தெரிந்தாலும் காரணம் உண்டு. திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். 5, 10, 15, 20 என்று முழு எண்களில் மட்டும் சோதித்தால் ஒவ்வொரு முறையும் திம்பிள் (கோடுகள் போட்ட சுழலும் உறை) அதே கோணத்தில்தான் நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே ஏறி இறங்கும் பிழை கண்ணில் படாது. மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொரு படிக்கும் 0.1 மி.மீ. கூடுதலாக நகர்வதால் ஐந்து வேறு கோணங்கள் சோதனைக்கு வந்துவிடும்.

செய்முறை: முகங்களை நார் உதிராத தாளைக் கடித்துப் பிடிக்க வைத்து மெல்ல இழுத்துத் துடையுங்கள். ஸ்லிப் கேஜில் இருக்கும் பாதுகாப்பு எண்ணெயைத் துடைத்தெடுங்கள். இரண்டையும் ஒரே இரும்புத் தகட்டின் மேல் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். ராட்செட்டை (அழுத்தம் மீறாமல் வழுக்கிவிடும் முனைத் திருகியை) ஒரே வேகத்தில் திருப்புங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்று முறை அளவெடுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று 2 மைக்ரானுக்கு மேல் வேறுபட்டால் பிழையை எழுதாமல் முதலில் துடைப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பெரும்பாலும் தூசிதான்.

ஜூன் 4, இரவு 10.10

'ஒரு மணி நேரம்' ஏன் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். நீள அளவுகளுக்கு உலகெங்கும் குறிப்பு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.15 மைக்ரான் நீளும். 30 டிகிரி அறையில் 11.5 மைக்ரான். கையில் பிடித்திருந்த ஸ்லிப் கேஜும், மேசையில் கிடந்த மைக்ரோமீட்டரும் ஒரே வெப்பத்தில் இருக்காது. விரலால் பிடிக்காமல் மரச்சாமணத்தால் எடுப்பது இதற்காகத்தான்.

ஜூன் 5, காலை 8.00

நேற்றிரவு எழுதியதைப் படித்தால் 20 டிகிரி குளிரூட்டிய அறை இல்லாமல் எதையும் சோதிக்க முடியாது என்று தோன்றும். அப்படி இல்லை. கருவி, ஸ்லிப் கேஜ், அளக்கும் பொருள் மூன்றும் எஃகாகவும் ஒரே வெப்பத்திலும் இருந்தால் மூன்றும் சேர்ந்தே நீளும், பிழை ஏறக்குறைய அடிபட்டுவிடும். 28 டிகிரியிலும் உருப்படியாகச் சோதிக்கலாம். வெப்பம் நிலையாக இருப்பதுதான் முக்கியம்.

ஆபத்து வருவது அலுமினியத்தில். அது எஃகைப் போல இரு மடங்கு, டிகிரிக்கு 100 மி.மீ.க்கு சுமார் 2.3 மைக்ரான் நீளும். 30 டிகிரியில் எஃகு மைக்ரோமீட்டரால் 100 மி.மீ. அலுமினியத்தை அளந்தால் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் 11 மைக்ரானுக்கு மேல் கூடுதலாகக் காட்டும். இது கேலிபரேஷன் தீர்க்கும் பிழை இல்லை. கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டியது.

ஜூன் 5, பகல் 12.45

டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு முடுக்கும் கருவி. உங்கள் 'வருஷத்துக்கு ஒரு தடவை' முதலில் உடைவது இங்கேதான். ஐ.எஸ்.ஓ. 6789 தரம், பயன்படுத்துபவர் வேறு கால அளவு வகுத்துக்கொள்ளாத இடத்தில், 12 மாதம் அல்லது 5000 முறை முறுக்கல், எது முந்துகிறதோ அது என்கிறது. ஒரு நாளைக்கு 200 போல்ட் முடுக்கினால் 5000 என்பது 25 வேலை நாள்.

'கிளிக்' வகைக்கு (வைத்த அளவு வந்ததும் சத்தம் தரும் வகைக்கு) சோதனை: முதலில் உச்ச அளவில் ஐந்து முறை முறுக்கிப் பழக்குங்கள், அந்த எண்கள் கணக்கில் வராது. பிறகு உச்ச அளவின் 20%, 60%, 100% ஆகிய மூன்று இடங்களிலும் ஐந்தைந்து முறை. உச்சம் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் உள்ள ரெஞ்சுக்கு ±4%, அதற்குக் கீழே ±6% வரை ஏற்கலாம். சராசரி மட்டும் வரம்புக்குள் இருந்தால் போதாது, பதினைந்து எண்களும் இருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். உயர்ந்த அளவிலேயே விட்டால் ஸ்பிரிங் அமுங்கியபடியே கிடந்து தளரும். ஆனால் குறைந்த எண்ணுக்கும் கீழே கழற்றிவிட்டால் உள்ளே உறுப்புகள் இடம் பெயரும். கிளிக் கேட்ட பிறகும் இழுப்பவர் கையில் எந்த ரெஞ்சும் சரியில்லை. இறுகிய போல்ட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சை எடுப்பவரிடமிருந்து அதை வாங்கி வையுங்கள்.

ஜூன் 5, மாலை 5.30

பிரஷர் கேஜில் எல்லோரும் தவறாகப் படிக்கும் ஒரு விஷயம். முகப்பில் 1.6 என்று போட்டிருந்தால் 1.6%தான், ஆனால் அது முழு அளவில். 0–10 பார் கேஜுக்கு ±0.16 பார், எந்த இடத்திலும். அதே கேஜில் 2 பாரை அளந்தால் ±0.16 என்பது 8%. கேலிபரேஷன் சான்றிதழ் சுத்தமாக இருந்தாலும் அந்த வேலைக்கு அந்தக் கேஜ் உதவாது. வேலை செய்யும் அழுத்தம் அளவுகோலின் நடுப்பகுதியில் விழுகிற மாதிரி கேஜைத் தேர்ந்தெடுங்கள்.

சோதிக்கும்போது 0, 25, 50, 75, 100% என்று ஏற்றிக்கொண்டே போய் அதே புள்ளிகளில் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏறும்போது 5.00, இறங்கும்போது 5.10 காட்டினால் உள்ளே முள்ளை நகர்த்தும் வளைகுழாயோ பற்சக்கர இணைப்போ சோர்ந்திருக்கிறது. ஒரு புள்ளியைத் தாண்டிவிட்டால் பின்னால் இழுத்து அந்தப் புள்ளிக்கு வராதீர்கள், இந்த வேறுபாடே மறைந்துவிடும். கண்ணாடியை விரலால் லேசாகத் தட்டி, தட்டும் முன் ஓர் எண், தட்டிய பின் ஓர் எண் எடுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் உள்ளே உராய்வு.

ஆக்சிஜன் குழாயில் போடும் கேஜை எண்ணெய் வைத்து அழுத்தும் சோதனைப் பொறியில் ஒருபோதும் மாட்டக் கூடாது. உள்ளே ஒட்டிய எண்ணெய் அழுத்தமான ஆக்சிஜனில் தீப்பிடிக்கும், வெடிக்கும். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும்போது 'எண்ணெய் கூடாது' என்று கேஜிலேயே கட்டி அனுப்புங்கள்.

ஜூன் 6, காலை 9.15 (கேள்வி)

தராசுல கேலிபரேஷன் பொத்தானே இருக்கு. அழுத்தினா தானா பண்ணிக்குது. அப்புறம் எதுக்கு வெளி ஆள்?

ஜூன் 6, பகல் 2.00

பொத்தானில் என்ன எழுதியிருந்தாலும் அது செய்வது சரிப்படுத்தல். உள்ளே இருக்கும் ஒரு எடையை வைத்து ஒரு புள்ளியைச் சரி செய்துகொள்கிறது. அந்த உள் எடையே மாறியிருந்தால் தராசுக்குத் தெரிய வழியில்லை. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: தனியாக வைத்திருக்கும் சோதனை எடையை முதலில் வைத்து எண்ணை எழுதுங்கள். பிறகு பொத்தான். பிறகு மறுபடி அதே எடை. முதலில் பொத்தானை அழுத்திவிட்டால் நேற்று வரை எவ்வளவு தவறு இருந்தது என்ற சாட்சியம் போய்விடும்.

பொத்தான் எதற்கு உதவும் என்றால் இடமாற்றத்துக்கு. தராசு உணர்வது புவியீர்ப்பு விசையை. நில நடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் அந்த விசையில் சுமார் 0.5% வித்தியாசம், அதாவது ஒரு கிலோவுக்கு 5 கிராம். ஒரே கட்டடத்தில் 10 மீட்டர் மேலே கொண்டுபோனாலே 200 கிராமுக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் குறையும். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அது ஆறு படி.

பொத்தான் பார்க்காத சோதனைகள்: ஒரே எடையைப் பத்து முறை வைத்து எடுத்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்ப்பது. உச்ச எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பார்ப்பது. ஓர எண்கள் மாறினால் தட்டின் தாங்கியில் அடி பட்டிருக்கலாம். காலி, கால், அரை, முக்கால், முழு என்று ஏற்றி இறக்குவது.

எடைக்கல்லிலும் தரம் உண்டு. 200 கிராம் கல்லுக்கு எஃப்1 வகுப்பில் ±1 மில்லிகிராம், எம்1 வகுப்பில் ±10 மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் தராசை எம்1 கல்லால் சோதித்தால் நீங்கள் சோதிப்பது கல்லைத்தான். பொதுவாகப் படித்தரத்தின் பிழை, சோதிக்கும் கருவிக்கு அனுமதித்த பிழையில் நான்கில் ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லை விரலால் தொடாதீர்கள். வியர்வையும் கொழுப்பும் எடையாகவே ஏறும்.

ஜூன் 6, மாலை 7.40

பி.எச். மீட்டரை வருடக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள் என்பதை இப்போதுதான் கவனித்தேன். அது தினமும் செய்ய வேண்டியது. எலக்ட்ரோடின் (கரைசலில் முக்கும் தண்டின்) கண்ணாடிக் குமிழ் நாளுக்கு நாள் மாறும்.

முதலில் பி.எச். 7.00 என்று தெரிந்த கரைசல், பிறகு நீங்கள் அளக்கப் போகும் பக்கம் அமிலமா காரமா என்பதைப் பொறுத்து 4.01 அல்லது 10.01. அளக்கும் மதிப்பு இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். 25 டிகிரியில் ஒரு பி.எச். அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும். 7.00க்கும் 4.01க்கும் இடையே 176.9 வரவேண்டிய இடத்தில் 168 வந்தால் சரிவு (வரவேண்டியதில் வந்த பங்கு) 95%. 95க்கும் 105க்கும் நடுவில் இருந்தால் வேலையைத் தொடருங்கள். 90க்குக் கீழே போனால் சுத்தம் செய்து பாருங்கள், அப்படியும் ஏறாவிட்டால் எலக்ட்ரோடை மாற்றுங்கள். 7.00 கரைசலில் சைபரிலிருந்து ±30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலும் அப்படியே.

பயன்படுத்திய கரைசலைப் புட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. 10.01 கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தானாகவே இறங்கும், அதைத் திறந்து வைத்துவிட்டு எலக்ட்ரோடைக் குறை சொல்வது பரவலாக நடக்கிறது. எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைக்காதீர்கள், பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். கழுவிய பின் குமிழைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

தானியங்கி வெப்பத் திருத்தம் இருப்பதால் கவலையில்லை என்பதும் பாதி உண்மைதான். அது எலக்ட்ரோடின் சரிவைத் திருத்தும். உங்கள் மாதிரிக் கரைசலின் பி.எச். வெப்பத்தால் உண்மையிலேயே மாறுவதை அது ஒன்றும் செய்யாது.

ஜூன் 7, காலை 10.30

இடைவெளியை எப்படி முடிவு செய்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். ஒரு கருவிக்கு மூன்று சான்றிதழ் சேர்ந்ததும் 'வந்த நிலையில்' எடுத்த பிழைகளை வரிசையாக எழுதுங்கள். +0.5, +1.1, +1.6 மைக்ரான் என்று வந்தால் வருடத்துக்கு அரை மைக்ரானுக்குச் சற்றே மேல் நகர்கிறது. அனுமதி ±4 என்றால் இடைவெளியைக் கூட்டலாம். +0.5, +1.5, +3.6 என்று வந்தால் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். தொடர்ந்து வரம்பின் நடுவிலேயே நிற்பதற்கு நீட்டிப்பு, வரம்பை மீறியதற்கும் ஓரத்துக்கு வருவதற்கும் குறைப்பு.

ஜூன் 7, இரவு 9.00

காலையில் எழுதியது படிப்படியாக நகரும் கருவிகளுக்கு மட்டுமே பொருந்தும். விழுந்து அடிபடும் கருவி கோடு போட்டு நகராது. ஒரே நாளில் போய்விடும். பத்து வருடம் ஒழுங்காக இருந்த வெர்னியர் நாளைக் காலை மேசையிலிருந்து விழலாம். இடைவெளி எவ்வளவு நன்றாக வகுத்தாலும் இந்த வகைப் பிழையைப் பிடிக்காது. இதைப் பிடிப்பது நீங்கள் வீண் வேலை என்ற அந்த நடுச்சோதனைதான். வாரம் ஒரு முறை, ஒரே ஸ்லிப் கேஜ், ஐந்து நிமிடம். ஸ்லிப் கேஜ் உங்கள் உற்பத்தி அளவுக்கு மிக நெருக்கமானதாக இருக்கட்டும்.

ஜூன் 9, காலை 11.20 (கேள்வி கேட்டவர்)

பத்து ஸ்லிப் கேஜையும் வச்சுப் பார்த்தோம். சைபர் சரி. பிழை (மைக்ரான்ல) 2.5ல 0, 5.1ல –1, 10.3ல –1, 15.0ல –2, 17.6ல –6, 20.2ல –2, 25.0ல –1. மத்ததெல்லாம் –1. துடைச்சு மூணு தடவை எடுத்தும் 17.6ல அதேதான். சான்றிதழ் தேதி முடிய இன்னும் ஐந்து மாசம் இருக்கு. எங்க தண்டு அளவு 17.500 ± 0.010. அனுமதிச்ச பிழை ±4 மைக்ரான்.

ஜூன் 9, பகல் 1.50

தினமும் 17.5 மி.மீ.லேயே அளந்து அந்த இடத்து மரை தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடத்தில் பொருளின் அழுத்தம் திருகைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும், அதனால் குறைத்துக் காட்டும். குறியும் பொருந்துகிறது. சைபரைத் திருப்பி இதைச் சரிசெய்யப் போகாதீர்கள், 17.6 சரியாகி மற்ற எல்லாம் கெடும்.

இன்றே செய்ய வேண்டியவை: மைக்ரோமீட்டரில் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியே வையுங்கள். 17.500 ஸ்லிப் கேஜை வைத்தும் ஒரு முறை பாருங்கள், 17.6 பக்கத்து இடம்தான், அதே கோணம் இல்லை. அங்கும் –6 வந்தால் பதிவேட்டில் 17.504க்கு மேல் எழுதிய தண்டுகளின் உண்மை அளவு 17.510ஐத் தாண்டியிருக்கலாம். அவற்றைக் கண்டுபிடித்து வேறு மைக்ரோமீட்டரால் மறுபடி அளங்கள். சிறியது என்று 17.484க்கும் 17.490க்கும் நடுவில் தள்ளியவற்றில் நல்லவை இருக்கும், அவற்றையும் எடுங்கள். எந்தத் தேதி வரை பின்னால் போவது என்றால், கடைசியாக இந்த இடத்தில் பிழை சிறியது என்று எழுத்தில் இருக்கும் நாள் வரை. நடுச்சோதனைப் பதிவு இல்லாததால் அது போன கேலிபரேஷன் நாள்தான், ஏழு மாதம். அந்தச் சான்றிதழில் 17.6 சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5, 10, 15, 20, 25 மட்டும் இருந்தால் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கும்.

ஜூன் 9, மாலை 4.35 (கேள்வி கேட்டவர்)

17.500ல –5. சான்றிதழ்ல 5, 10, 15, 20, 25 மட்டும்தான் இருக்கு.

ஜூன் 9, மாலை 5.10

அப்படியானால் எல்லைகளை ஒரு மைக்ரான் நகர்த்துங்கள்: 17.505க்கு மேல், 17.485க்கும் 17.490க்கும் நடுவில். முந்தைய சான்றிதழ்களையும் எடுத்துப் பாருங்கள், 17.6 எதிலாவது இருக்கும் வரை. எதிலும் இல்லையென்றால் கருவி வாங்கிய நாளில் வந்த சான்றிதழ். அடுத்த முறை ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் எந்தெந்தப் புள்ளிகள் வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். பத்துப் புள்ளியோடு 17.500ஐயும் சேருங்கள்.